மச்சானுக்கு வச்ச காத்து

என் அக்கா புருஷனைக் கம்பெனியில யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எல்லாருக்கும் அவர் பஞ்சு. ஆளைப் பார்த்தா அப்படிச் சொல்ல மாட்டீங்க. நூத்திப் பத்து கிலோ. கழுத்து எங்க இருக்குன்னு தேடிக் கண்டுபிடிக்கணும். ஆனா எட்டு டன் இரும்புத் தகட்டுச் சுருளைக் கிரேன்ல தூக்கிட்டு வந்து மரக்கட்டை மேல வைப்பார் பாருங்க, பக்கத்துல நிக்கிற எனக்கே சத்தம் கேக்காது. அதனால வந்த பேர்.

எங்க கம்பெனி ஒரு இரும்புக் கிடங்கு. கூரைக்குக் கீழ ரெண்டு பக்கமும் தண்டவாளம், அதுல ஓடுற கிரேன், அதுல தொங்குற கண்ணாடிக் கூண்டு. முப்பத்தெட்டு படி ஏறினா அவரோட இடம். நான் கீழ. சுருளுக்குப் பெல்ட் மாட்டி, கொக்கியில கோத்து, கையைக் காட்டினா அவர் தூக்குவார். பத்தொன்பது வருஷம் இப்படித்தான் ஓடுச்சு. என் கை பாதி எழும்பும்போதே அவருக்குப் புரிஞ்சிடும். வீட்டுல நான் அவருக்கு மச்சினன், வேலையில அவரோட கொக்கிக்குக் கீழ நிக்கிற உசுரு. அவரை நம்பித்தான் நின்னேன்.

ஒரு நாள் காலையில பதினோரு மணி இருக்கும். சுருள் என் தலை உயரத்துக்கு ஏறி நின்னுச்சு. நகர்த்துங்கன்னு கை காட்டுறேன், நகரலை. விசில் அடிச்சேன், அசைவில்லை. மேல பார்த்தா அவர் தாடை நெஞ்சுல கிடக்கு. எட்டு டன் அந்தரத்துல லேசா ஆடிக்கிட்டு இருக்கு, நான் ரெண்டடி தள்ளி நிக்கிறேன், மேல மனுஷன் தூங்குறார்! ஒரு மரத்துண்டை எடுத்துக் கூண்டுக் கண்ணாடியில விட்டெறிஞ்சேன். திடுக்குன்னு முழிச்சார். நான் எறிஞ்சதையும் அவர் முழிச்சதையும் மேனேஜர் பார்த்துட்டார்.

அவர் குறட்டை எங்க வீட்டுக்கே பழைய ஜோக்கு. "உன் மச்சான் தூங்கினா பக்கத்து வீட்டுக்காரங்க மோட்டார் ஓடுதுன்னு வந்து கேக்குறாங்கடா"ன்னு அக்கா சொல்லுவா. சாப்பிடும்போதே தூங்குவார். பேசிக்கிட்டு இருக்கும்போதே கண்ணு சொருகும். உடம்பு அப்படி, வயசு அப்படின்னு நாங்க சிரிச்சோம். கம்பெனி சிரிக்கலை. டாக்டர்கிட்ட காட்டிட்டு வான்னு அனுப்பிட்டாங்க.

தூக்கத்துக்குன்னே ஒரு டாக்டரம்மா. உடம்பெல்லாம் ஒயர் ஒட்டி ஒரு ராத்திரி தூங்க வச்சுப் பார்த்தாங்க. மறுநாள் எங்க மூணு பேரையும் உக்கார வச்சுச் சொன்னாங்க.

"மணிக்கு அம்பத்திரண்டு தடவை இவருக்கு மூச்சு நின்னு நின்னு வருது. தொண்டை மூடிக்குது, மூளை பதறி எழுப்பி விடுது. இவர் தூங்குறதே இல்லை, ராத்திரி பூரா மூச்சுக்குப் போராடுறார். இப்படியே விட்டா இதயமோ மூளையோ ஏதாவது ஒண்ணு ஒரு நாள் கைவிட்டுடும்."

அக்கா முகம் வெளுத்துப் போச்சு. மச்சான் மட்டும், "அப்ப கிரேன் எப்ப ஏறலாம்?"னு கேட்டார்.

அதுக்குத்தான் ஒரு மெஷின் வந்துச்சு. செருப்பு டப்பா அளவு. அதுல இருந்து ஒரு குழாய், குழாய் முனையில மூக்கை மூடுற மாஸ்க், தலையைச் சுத்திப் பட்டி. அது ஊதுற காத்து தொண்டை மூடிக்காம பிடிச்சுக்குமாம். எவ்வளவு ஊதணும்னு தொண்டையைப் பார்த்து அதுவே கூட்டிக் குறைச்சுக்குமாம். உள்ள ஒரு மெமரி கார்டு. எத்தனை மணி நேரம் போட்டாரு, எத்தனை தடவை மூச்சு நின்னுச்சு, எவ்வளவு காத்து போச்சு, எல்லாம் அதுல பதிவாகும். கம்பெனி கண்டிஷன் போட்டுச்சு. மூணு மாசம், தினம் நாலு மணி நேரத்துக்குக் குறையாம போட்டிருக்கணும், டாக்டரம்மா லெட்டர் கொடுக்கணும். அது வரைக்கும் கேட்ல உக்கார்ந்து வண்டி நம்பர் எழுதணும், காலையில ஆறுல இருந்து ரெண்டு மணி வரைக்கும்.

போடலைன்னு அவரைக் குத்தம் சொல்ல முடியாது. போட்டார். மூக்குத் தண்டு புண்ணாச்சு. காத்து கசிஞ்சு கண்ணு எரிஞ்சுச்சு. காத்தை முழுங்கி முழுங்கி வயிறு உப்பிடுச்சு. "பஸ் ஜன்னலுக்கு வெளிய தலையை நீட்டிக்கிட்டு தூங்குன்னு சொல்ற மாதிரி இருக்குடா"ன்னு சொன்னார். மாட்டிக்கிட்டுப் படுப்பார், தூங்குவார், காத்து ஏற ஏற தூக்கத்துலயே பிடுங்கிப் போட்டுடுவார். காலையில மாஸ்க் தரையில கிடக்கும், எப்ப கழட்டினோம்னே அவருக்குத் தெரியாது. அக்கா மாஸ்க் சைஸ் மாத்திப் பார்த்தா. டிவி முன்னாடி மாட்டி உக்கார வச்சுப் பழக்கினா. ஒரு நாள் துண்டால அவர் கையைக் கட்டிலோட கட்டிக்கூடப் பார்த்தா. துண்டு கிழிஞ்சுது. முதல் மாசக் கார்டுல ஒரு நாளைக்கு ஒரு மணி பத்து நிமிஷம்னு வந்துச்சு. டாக்டரம்மா நல்லா டோஸ் விட்டாங்க, மூணு மாசத்தை மறுபடி முதல்ல இருந்து எண்ணணும்னுட்டாங்க. மனுஷன் பள்ளிக்கூடப் பையன் மாதிரி தலையைக் குனிஞ்சுக்கிட்டு வந்தார்.

கேட்ல நிலைமை இன்னும் மோசம். பேனாவைப் பிடிச்சபடியே தூங்கிடுவார். லாரிக்காரங்க காதுகிட்ட ஹாரன் அடிச்சு எழுப்பிட்டு, ஓஹோன்னு சிரிச்சுட்டுப் போவாங்க. பத்தொன்பது வருஷம் ஒரு கீறல் விழாம பாரம் இறக்கின மனுஷன்! எனக்கு வயிறு எரியும்.

ஆனா என் கதையையும் சொல்லணும், இல்லைன்னா நான் ஏதோ பாசத்துல மட்டும் செஞ்ச மாதிரி ஆயிடும். அவருக்குப் பதிலா மேல ஏறினவனுக்கு ஜெட்டுனு பேரு. வேகம்னா வேகம், கை காட்டுறதுக்கு முன்னாடியே தூக்குவான், இறக்குறேன்னு போடுவான். மச்சான் டாக்டரம்மாகிட்ட டோஸ் வாங்கின ரெண்டாம் நாள் ஒரு சுருள் என் கால்கிட்ட வந்து இறங்குச்சு. பூட்ஸ் நுனி அப்பளமா நசுங்கிடுச்சு, விரலுக்கும் இரும்புக்கும் நடுவுல ஒரு விரக்கடை. தூங்குற பஞ்சுவே தேவலைன்னு தோணுச்சு. நேரா அக்கா வீட்டுக்குத்தான் போனேன்.

மச்சான் இன்னும் வரலை. அக்கா மெஷினைத் துடைச்சுக்கிட்டு இருந்தா. "நேத்து அம்பது நிமிஷம்தான்டா காட்டுது. இப்படியே போனா அவரைக் கேட்லயே வச்சிடுவாங்க"ன்னு அழுதா.

நான் சொன்னேன்: "கார்டுக்கு மூக்கு யாரோடதுன்னு தெரியவா போகுது? பகல்ல நீ மாட்டிக்கிட்டு மூணு மணி நேரம் படு. கணக்குச் சரியாயிடும்."

"போடா, டாக்டரம்மாவை ஏமாத்தச் சொல்றியா?"

"ஏமாத்துறது என்ன இதுல? கிரேன் ஏறிட்டார்னா ஆளுக்குத் தெம்பு வந்துடும், அப்புறம் அவரே ஒழுங்காப் போட்டுக்குவார். மூணே மாசம்."

விளையாட்டுக்குச் சொன்னேன்னு பின்னாடி எனக்கே சொல்லிக்கிட்டேன். விளையாட்டுக்கெல்லாம் இல்லை. நசுங்கின பூட்ஸோட உக்கார்ந்துதான் சொன்னேன்.

அக்காவுக்குப் பொய் வராது. சின்ன வயசுல நான் உடைச்ச கண்ணாடியை அவ உடைச்சதாச் சொல்லப் போயி, சொல்லும்போதே தேம்பித் தேம்பி அழுது என்னைக் காட்டிக் கொடுத்தவ. அப்பேர்ப்பட்டவ ஒரு நாள் யோசிச்சா, ரெண்டு நாள் யோசிச்சா, மூணாவது நாள் மாட்டிக்கிட்டா. அவர் கேட்டுக்குப் போனதும் வீட்டு வேலையை முடிச்சுட்டு, பத்து மணிக்கு வாசக் கதவைத் தாழ் போட்டுட்டுப் படுப்பா. ஒரு மணி வரைக்கும். தூங்கவும் மாட்டா, விட்டத்தைப் பார்த்துக்கிட்டு கிடப்பா. அப்புறம் மாஸ்க்கைக் கழுவித் துடைச்சு இருந்த இடத்துலயே வச்சுடுவா. மூக்குல விழுந்த தடத்துக்குப் பவுடர் பூசிக்குவா. மச்சான்கிட்ட இதைப் பத்தி மூச்சு விடலை.

மூணு மாசம் கழிச்சுக் கார்டைக் கொண்டு போனோம். டாக்டரம்மா கம்ப்யூட்டர்ல போட்டாங்க. முதல் பக்கம் பூரா பச்சை. சராசரி நாலேகால் மணி நேரம். மூச்சு நின்னது மணிக்கு ஒண்ணு ஒண்ணரை. மெஷின் பகல்லயும் ஓடியிருக்கேன்னு அவங்களே கேட்டாங்க, "ஓ, ஷிஃப்ட் வேலை இல்ல?"ன்னு அவங்களே பதிலும் சொல்லிக்கிட்டாங்க. மச்சான் அந்நேரம் வெளிய எடை பார்த்துக்கிட்டு இருந்தார், நாங்க ரெண்டு பேரும் அதை அப்படியே விட்டுட்டோம்.

"அருமை! இவருக்கு இவ்வளவு குறைஞ்ச காத்தே போதும்னு மெஷின் காட்டுது. இனிமே அது கூட்டிக் குறைக்க வேண்டாம், காத்தோட அழுத்தத்தை ஆறுன்னு நிரந்தரமா வச்சிடுறேன். வயிறு உப்புறது, பிடுங்கி எறியறது எல்லாம் இனிமே இருக்காது. ஆறு மாசம் கழிச்சு வாங்க போதும்." சொல்லிட்டு லெட்டரை எழுதிக் கொடுத்தாங்க.

மச்சான் முகத்தை நீங்க பார்த்திருக்கணும். பஸ்ஸுல அந்த லெட்டரை மடிக்காம மடியிலயே விரிச்சு வச்சுக்கிட்டு வந்தார். "நான் ராத்திரியெல்லாம் கழட்டிக் கழட்டிப் போடுறேன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன். பாரேன், நாலு மணி நேரத்துக்கு மேல போட்டிருக்கேன்! எனக்கே தெரியலை!"ன்னு அக்காகிட்ட சொன்னார். அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டா.

அந்தப் பாராட்டுதான் அவரை மாத்துச்சு. சத்தியமாச் சொல்றேன், அன்னைலருந்து ஒரு ராத்திரி விடலை. படுக்கையில விழுந்ததும் மாஸ்க், விடிஞ்சு எழுந்தப்புறம்தான் கழட்டுவார். ஆறுல வச்ச காத்து மெல்லிசா இருந்துச்சா, உறுத்தலை, பிடுங்கவும் இல்லை. கிரேன் ஏறினார். பாரம் பழையபடி சத்தமில்லாம இறங்குச்சு. கேன்டீன்ல யாரு கிடைச்சாலும் பிடிச்சு உக்கார வச்சு, "குறட்டை வந்தா சும்மா இருக்காதே, போய்ப் பாரு. நான் போட்டுப் பழகலையா?"ன்னு உபதேசம் வேற. நான் அக்காகிட்ட மார் தட்டினேன். "பார்த்தியா, பலிச்சுடுச்சா? இனிமே நீ போட வேண்டாம்." அவளுக்கும் தலையில இருந்து ஒரு சுமை இறங்கின மாதிரிதான் இருந்துச்சு.

ரெண்டு மாசம் போச்சு. காலையில தலைவலின்னு ஆரம்பிச்சார். கண்ணு எப்பவும் சிவந்திருக்கும். படி ஏறும்போது நடுவுல நின்னு மூச்சு வாங்குவார். "போட்டுக்கிட்டுதான்டா தூங்குறேன், ஆனா காத்து பத்தாத மாதிரியே இருக்கு. யாரோ மூக்கைப் பொத்தின மாதிரி முழிப்பு வருது"ன்னு டீ குடிக்கும்போது சொன்னார்.

"டாக்டரம்மாவே பாஸ் போட்டுட்டாங்க, உங்களுக்கு என்ன வந்துச்சு? தொப்பையைக் குறைங்க மச்சான், காத்து தானா போகும்"னேன். அவரும் சிரிச்சார். டாக்டரே நல்லா இருக்குன்னு சொன்னப்புறம் கோளாறு தன்கிட்டத்தான்னு நினைச்சுக்கிட்டார் மனுஷன்.

அக்காவுக்கு மட்டும் உறுத்துச்சு. ஒரு ஞாயித்துக்கிழமை என்னைத் தனியாக் கூப்பிட்டா. "டேய், மறுபடியும் அவர் தூக்கத்துல மூச்சு நிக்குதுடா. மாஸ்க் மாட்டியிருக்கும்போதே நிக்குது. நான் போட்டதுல மெஷினுக்கு ஏதாவது குழப்பமாயிருக்குமா? டாக்டரம்மாகிட்ட போய் உண்மையைச் சொல்லிட்டு வந்துடலாமா?"

எனக்குக் கோபம் பொத்துக்கிட்டு வந்துச்சு. "சொல்லு, போய்ச் சொல்லு! லெட்டரைத் திரும்ப வாங்கிக்கட்டும். திருட்டுத்தனம் பண்ணினான்னு வேலையை விட்டே தூக்கட்டும். ஜெட்டு என் தலையில சுருளை இறக்கட்டும். மெஷினுக்கு என்ன குழப்பம்? காத்தாடிக்கு மூளையா இருக்கு? வாயை மூடிக்கிட்டு இரு."

வாயை மூடிக்கிட்டா. எப்பவுமே நான் சத்தம் போட்டா அடங்கிடுவா.

அஞ்சாவது மாசம் முடியப் போகுது, காலையில ஒன்பதரை மணி. அவர் சுருளைத் தூக்கிட்டு வந்து கட்டைக்கு மேல நிறுத்தினார். நின்னது நின்னதுதான். கை காட்டினேன், விசில் அடிச்சேன். பின்னாடி ஒருத்தன், "பஞ்சு மறுபடி தூங்கிட்டார்டோய்"னான், நாலு பேர் சிரிச்சாங்க. அப்புறம் சுருள் மெல்ல இறங்க ஆரம்பிச்சுது. அப்படி ஒரு நிதானம், அங்குலம் அங்குலமா. கட்டை மேல உக்கார்ந்துது. அதுக்கப்புறம் கொக்கி அசையலை.

முப்பத்தெட்டு படி எப்படி ஏறினேன்னு தெரியலை. அவர் தூங்கலை. கண்ணு முழிச்சபடி இருக்கு, வாய் ஒரு பக்கம் இழுத்துக்கிட்டு எச்சில் வழியுது. தூக்கி இறக்குற பிடி வலது கைக்குத்தான் இருக்கும். அந்தக் கை செத்த மாதிரி தொங்குது. இடது கையைக் குறுக்க நீட்டி அந்தப் பிடியைப் பிடிச்சிருந்தார். கீழ நான் நிக்கிறேன்னு அந்த நிலைமையிலயும் இடது கையால பாரத்தை இறக்கி வச்சிருக்கார். "மச்சான்"னேன். ஏதோ சொல்ல வந்தார், வெறும் சத்தம்தான் வந்துச்சு.

அந்த உடம்பைப் படியில தூக்கிட்டு வர முடியலை. தார்ப்பாய்ல சுத்தி, பெல்ட்டு போட்டுக் கட்டி, கயித்துல இறக்கினோம். நான்தான் கட்டினேன். ஒவ்வொரு முடிச்சையும் ரெண்டு தடவை இழுத்துப் பார்த்தேன். முக்கால் மணி நேரம் ஆச்சு.

பக்கவாதம். உசுருக்குப் பயமில்லை, வலது பக்கம் வராது, பேச்சு வந்தா வரலாம்னு சொல்லிட்டாங்க. மறுநாள் தூக்க டாக்டரம்மாவும் வந்து, கார்டைக் கொண்டு வரச் சொன்னாங்க. அவங்க ரூம்ல நானும் அக்காவும் நின்னோம். இந்தத் தடவை முதல் பக்கத்தோட நிறுத்தலை, ஒவ்வொரு நாளா தள்ளித் தள்ளிப் பார்த்தாங்க.

"இந்த அஞ்சு மாசமும் ஏழு மணி நேரம் போட்டிருக்கார், ஒரு நாள் தவறலை. ஆனா மணிக்கு நாப்பத்தஞ்சு தடவை மூச்சு நின்னிருக்கு. அதுக்கு முன்னாடி மூணு மாசம் ஒண்ணு ஒண்ணரைதான். மெஷின் அதேதான், ஆளும் அதேதான், அப்புறம் எப்படி?" இன்னும் கொஞ்சம் தள்ளினாங்க. "பகல் பத்துல இருந்து ஒண்ணு வரைக்கும். தினமும். அப்ப இவருக்கு எந்த ஷிஃப்ட்டு?"

"காலையில ஆறுல இருந்து ரெண்டு வரைக்கும்"னா அக்கா.

"அப்ப பத்து மணிக்கு இதைப் போட்டது யாரு?"

"நான்தான்."

டாக்டரம்மா கத்தலை. கத்தியிருந்தா நல்லா இருந்திருக்கும். கண்ணாடியைக் கழட்டி மேசை மேல வச்சாங்க. "உங்க மூச்சைப் பார்த்துத்தாம்மா நான் ஆறுன்னு வச்சேன். இவருக்குப் பதினாலு வேணும். உங்க தொண்டைக்கு வச்ச காத்தை வச்சுக்கிட்டு இவர் அஞ்சு மாசம் ஒழுங்காத் தூங்கப் போயிருக்கார். நானும் உள்ள பார்த்திருக்கணும், பார்க்கலை." கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கிட்டு, "இதை யாரு உங்களுக்குச் சொல்லிக் கொடுத்தாங்க?"ன்னு கேட்டாங்க.

"யாரும் சொல்லலை. எனக்கே தோணுச்சு."

நான் பக்கத்துலதான் நின்னேன். சுவத்துல இதயப் படம் ஒண்ணு மாட்டியிருந்துச்சு, அதையே பார்த்துக்கிட்டு நின்னேன். நாக்கைப் பிடுங்கிக்கிட்டுச் சாகலாம் போல இருந்துச்சு, ஆனா அந்த நாக்கு ஒரு வார்த்தை பேசலை.

பதினாலு வச்சு மெஷினைத் திருத்திக் கொடுத்தாங்க. வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தோம். இப்ப சத்தமே இல்லாம தூங்குறார், அக்கா சொல்றா, கல்யாணமானதுல இருந்து அவர் இப்படித் தூங்கிப் பார்த்ததில்லையாம். ஒரு மாசத்துல குழறிக் குழறிப் பேச்சும் வந்துச்சு. வந்த பேச்சையெல்லாம் மன்னிப்பு கேக்கவே செலவு பண்ணினார். அக்கா அவரைப் புரட்டினா, "நான் சரியாப் போடலை போலிருக்கு"ம்பார். வாயைத் துடைச்சா, "உன்னைப் படுத்துறேன்"ம்பார். தூக்கி உக்கார வைக்க நான் தினம் காலையில போவேன், என்கிட்டயும் "உன்னைக் கொன்னிருப்பேன்டா, மன்னிச்சுடு"ன்னார். நான் "சும்மா இருங்க மச்சான்"னு சொல்லிட்டு வேலையைப் பார்ப்பேன்.

ஒரு நாள் காலையில ரெண்டு பேரும் பிடிச்சு அவரைச் சாய்வா உக்கார வச்சோம். "எங்கயோ தப்பாப் போட்டிருக்கேன், டாக்டரம்மா நல்லாத்தான சொன்னாங்க"ன்னு மறுபடி ஆரம்பிச்சார். அக்காவுக்கு அதுக்கு மேல தாங்கலை. கட்டில் ஓரத்துல உக்கார்ந்து, பத்து மணிக்குக் கதவைத் தாழ் போட்டதுல இருந்து எல்லாத்தையும் சொல்லிட்டா. "நீங்க தப்பே பண்ணலை. நான்தான். நான்தான் பண்ணினேன்"னு அவர் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதா. உணர்ச்சியில்லாத கையைப் பிடிச்சிருந்தா.

அவர் அவளையே பார்த்தார். கோபம் இல்லை. "யாரு சொன்னா?"ன்னார்.

"யாரும் சொல்லலை. எனக்கே தோணுச்சு."

அப்புறம் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். வார்த்தையைக் கூட்டிச் சேர்க்க அவருக்கு நேரம் பிடிச்சுது. "அவளுக்கு... இதெல்லாம்... தோணாதுடா."

நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள அக்கா குறுக்க வந்தா. "அவனை ஒண்ணும் சொல்லாதீங்க. அவன் நல்லதுக்குத்தான் சொன்னான்." சொன்னப்புறம்தான் என்ன சொல்லிட்டோம்னு அவளுக்குத் தெரிஞ்சுது, வாயைப் பொத்திக்கிட்டா. அவர் கண்ணை மூடிக்கிட்டார்.

இன்னிக்கும் தினம் காலையில போறேன். கழுத்துக்குக் கீழ கையைக் கொடுத்தா எழுந்துக்கிறார், படுக்க வச்சா படுத்துக்கிறார். அக்காகிட்ட பேசுறார், எதிர் வீட்டுக்காரர் வந்தா பேசுறார், கிரேன் எப்படி ஓடுதுன்னு வேலையில இருந்து வர்றவங்ககிட்ட விசாரிக்கிறார். பாதிப் பேச்சு திரும்பிடுச்சுன்னு டாக்டரம்மாவுக்கு ரொம்ப சந்தோஷம். அந்தப் பாதியில எனக்குன்னு ஒரு வார்த்தை இல்லை.